மாவுப் பானைக்குப் போர்த்திய கம்பளி

அட்டுவம்பட்டிச் சரிவில் தகரக் கொட்டகைகளில் என்னோடு வளர்ந்தவர்களே, இது உங்களுக்கு. அந்தக் கொட்டகைகள் இப்போது இல்லை. அங்கே கார் நிறுத்துகிறார்கள். நம்மில் பாதிப் பேர் போய்விட்டார்கள். மீதிப் பேருக்கு முட்டி வலி. எங்காவது கல்யாண வீட்டில் பார்த்துக்கொண்டால், தளத்தின் மேல் பனிக்கட்டி பெயர்த்துத் தின்றதைச் சொல்லிச் சிரிக்கிறீர்கள். அதற்குப் பிறகு நடந்ததை யாரும் சொல்வதில்லை. நான் பக்கத்தில் இருக்கிறேன் என்று நிறுத்திக்கொள்கிறீர்கள். அது எனக்குத் தெரியும். நானே சொல்லிவிடுகிறேன்.

அப்பா கொத்தனார். வத்தலக்குண்டுப் பக்கம் மேஸ்திரியாக இருந்து வீடு கட்டியவர். மலையில் லாட்ஜ் கட்ட ஆள் தேடி வந்த ஒரு முதலாளி அவரை அமர்த்தினார். அப்பா, அம்மா, நான், அம்மாவின் தம்பியான என் மாமா, நாலு பேரும் செங்கல் லாரியில் செங்கல் மேலேயே உட்கார்ந்து மலை ஏறினோம். வளைவுக்கு வளைவு நான் வாந்தி எடுத்தேன். மாமா என் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"கீழ தின்னதையெல்லாம் வழியிலேயே போட்டுட்டு வா மருமகளே. மேல போயி கேரட்டாத் தின்போம்."

மாமாவுக்கு அப்போதுதான் மீசை கறுத்திருந்தது. வாய் மட்டும் ஓயாது.

மலைக் குளிர் எங்களுக்குப் புதிது. தேங்காய் எண்ணெய் சீசாவுக்குள் வெள்ளையாய் இறுகிக் கிடந்தது. அம்மா சீசாவைக் கவிழ்த்துத் தட்டித் தட்டிப் பார்த்தாள். உறை ஊற்றிய பால் விடிந்தும் பாலாகவே இருந்தது. இட்லிக்கு ஆட்டி வைத்த மாவு, வைத்த மட்டத்தை விட்டு அசையவில்லை. அம்மா உளுந்து விற்ற கடைக்காரனைத் திட்டினாள். மறுபடி ஆட்டினாள். மறுபடியும் அப்படியே. பக்கத்துக் கொட்டகை அக்கா வந்து எட்டிப் பார்த்தாள். சிலோன் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம் அது.

"கடைக்காரன ஏசாத புள்ள. குளுருல மாவும் வேலை செய்யாது. அடுப்புக்கிட்ட வச்சு நல்லாப் போத்தி விடு. அப்பத்தான் பொங்கும்."

எங்களிடம் போர்வை அதிகம் இல்லை. மாமா தன் கம்பளியை எடுத்து வந்து பானையைச் சுற்றினார். கறுப்புக் கம்பளி. ஓரத்தில் சிவப்புக் கோடு.

"மாவு படுத்துக்கட்டும்க்கா. எனக்குச் சாக்கு போதும்."

சாக்கு என்றால் சிமெண்ட் சாக்கு. அப்போதெல்லாம் சிமெண்ட் சணல் சாக்கில் வரும். காலிச் சாக்கு மேஸ்திரிக்கு என்பது வழக்கம். கீழே அதை விற்றுவிடுவார்கள். அப்பா இங்கே விற்கவில்லை. உதறிக் கொண்டுவந்து கோணி ஊசியால் ஒன்றோடு ஒன்று தைத்து, தகரச் சுவரின் உள்பக்கம் முழுக்கத் தொங்கவிட்டார். காற்று நின்றது. மாமா மீதிச் சாக்குகளைப் பை மாதிரி தைத்து அதற்குள் நுழைந்து படுப்பார். காலையில் சாம்பல் பூசின சாமியார் மாதிரி எழுந்து வருவார்.

"ஏலே மாப்ள," என்பார் அப்பா. "மாவுக்குக் கம்பளி, உனக்குச் சாக்கு. உங்கக்கா வீட்டுல உன் மரியாதையப் பாத்தியா?"

"மாவு பொங்குனா எல்லாருக்கும் இட்லி மச்சான். நான் பொங்குனா என்ன கிடைக்கும்?"

"பொங்குனது போதும், ரெண்டு பேரும் வெரசாச் சோலிக்குக் கெளம்புங்க" என்பாள் அம்மா.

போர்த்திய பிறகு மாவு பொங்கியது. கம்பளியை நனைத்துக்கொண்டு வழிந்தது. அம்மா கை தட்டிச் சிரித்ததை நான் கடைசியாகப் பார்த்தது அப்போதுதான்.

அந்த மலையில் அதுவரை வீடென்றால் கல் சுவர், மேலே ஓடு அல்லது தகரம். கான்கிரீட் தளம் அங்கே புதிது. அதைத் தெரிந்த ஆள் என்றுதான் அப்பாவைக் கூட்டி வந்தார்கள். அப்பாவுக்கு அதில் பெருமை இருந்தது. பொங்கலுக்கு முன்னால் தளம் போட்டார்கள். நம் கொட்டகைப் பெண்கள் எல்லோரும் வரிசையில் நின்று கலவைச் சட்டி கைமாற்றினார்கள். நாம் சின்னப் பிள்ளைகள் காலிச் சட்டியை ஓடித் திருப்பிக் கொடுத்தோம். கலவை போட்டவர்களிடம் அப்பா கத்தியது இன்றும் காதில் இருக்கிறது.

"அளவுல கைய வைக்காதீங்கடா. சிமெண்டு சாக்க நல்லா உதறிக் கொட்டு. ஒழுகுச்சுன்னா முதலாளி பேரச் சொல்ல மாட்டான், மேஸ்திரி பேரத்தான் சொல்லுவான்."

அன்று முதலாளி கறிச்சோறு போட்டார். வாழை இலை காற்றில் பறந்தது. மாமா இலையின் மேல் செங்கல் வைத்துக்கொண்டு தின்றார்.

தளம் போட்ட பிறகு அதன் மேல் மண்ணால் வரப்பு கட்டித் தண்ணீர் நிறுத்துவார்கள். காயாமல் இருக்க. கீழே கொத்தனாருக்கு எதிரி வெயில். போட்ட தளத்தை வெயில் உறிஞ்சிவிடும், வெடித்துவிடும். அப்பா வாழ்நாள் முழுக்க அந்த ஒரு பயத்தோடு வேலை பார்த்தவர். இங்கே வெயிலே இல்லை. அவருக்கு அது பெரிய சந்தோசம்.

"நம்ம ஊருல குடம் குடமா ஊத்தினாலும் மதியத்துக்குள்ள குடிச்சிரும். இங்க பாரு மாப்ள, விட்ட தண்ணி விட்டபடி கெடக்கு. கான்கிரீட்டுக்கு இதவிடச் சொகம் வேற என்ன வேணும்?"

"எனக்குத்தான் சொகமில்ல மச்சான். பல்லு தந்தியடிக்குது."

பொங்கல் கழிந்து பனி கூடியது. புல்லெல்லாம் உப்பு தூவியது மாதிரி. வெள்ளனே தளத்தின் மேல் ஏறிப் பார்த்தால் வரப்புத் தண்ணீர் கண்ணாடியாக நிற்கும். இந்த இடம் உங்கள் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். நாம் குச்சியால் குத்திப் பெயர்த்தோம். கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு பனிக்கட்டியை உறிஞ்சினோம். சிமெண்ட் வாசம் அடித்தது. உங்களில் ஒருத்திக்கு உதடு கிழிந்து ரத்தம் வந்தது, அப்படியும் துப்பவில்லை. அப்பா கீழே இருந்து பார்த்துச் சிரித்தார். விரட்டவில்லை. தளத்துக்கு நல்லதுதானே நடக்கிறது என்று நினைத்திருந்தார்.

நாள் போனது. முதலாளியின் ஆள் ஒருவர் தினமும் வந்து நிற்பார். கழுத்தில் மப்ளர், கையில் சிகரெட்.

"என்ன மேஸ்திரி, ஏப்ரல்ல ஜனங்க வந்து எறங்கிரும். பலகையப் பிரிச்சு அந்தப் பக்கம் அடிச்சாத்தான அடுத்த தளம் போட முடியும்?"

"கீழ விடுற நாளுக்கு மேலயே விட்டாச்சுங்க. நாளைக்குப் பிரிச்சிரலாம்."

அப்பா பொய் சொல்லவில்லை. கீழே எத்தனை நாள் விடுவாரோ அதற்கு மேலேயே விட்டிருந்தார். மறுநாள் காலை பனி இருக்கும்போதே மேலே ஏறிச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். நானும் பின்னால் ஏறியிருந்தேன். கணீர் என்றது. கருங்கல் மாதிரி. "இறுகிருச்சு" என்றார். அவர் தட்டியது தளத்தையா, அதன் மேல் உறைந்திருந்த தண்ணீரையா? அப்போது அதைக் கேட்க யாரும் இல்லை.

மாமாவும் இன்னும் சிலரும் உள்ளே போய், தளத்தைத் தாங்கி நின்ற முட்டுக் கம்புகளைத் தட்டி எடுக்க ஆரம்பித்தார்கள். வெயில் ஏறியது. புல்லில் பனி உருகிச் சொட்டியது. மற்றவர்கள் டீ குடிக்க வெளியே வந்தார்கள். மாமா மட்டும் நடு முட்டுக் கம்பை எடுத்துவிட்டு வருகிறேன் என்றார்.

"என் டீயில கைய வச்சிராதீங்க," என்று உள்ளே இருந்து கத்தினார்.

சத்தம் பெரிதாக இல்லை. ஈர மூட்டையைப் போட்டது மாதிரி ஒரு சத்தம். பிறகு தூசி. அப்பா வாசலில் நின்றிருந்தார். அவர் மேல் ஒரு கீறல் இல்லை. அதுதான் பிறகு பெரிய குற்றமாகிப் போனது.

மாமாவை எடுக்க மதியமானது. அம்மா அவர் தலையைத் தன் முந்தானையால் துடைத்தாள். எப்போதும் மாதிரி முகமெல்லாம் சாம்பல். எழுந்து வரவில்லை.

விசாரிக்க ஓவர்சியர் ஒருவர் கீழே இருந்து வந்தார். விழுந்த தளத்தில் ஒரு துண்டை எடுத்தார். கையில் வைத்து அமுக்கினார். உதிர்ந்தது. எல்லோரும் பார்க்கும்படி விரலை விரித்துக் காட்டினார். மணலும் ஜல்லியும் கீழே கொட்டியது.

"சிமெண்டே இல்ல. வெறும் மண்ணு."

முதலாளியின் ஆள் நேராக எங்கள் கொட்டகைக்கு வந்தார். கதவைத் தள்ளினார். சுவர் முழுக்கச் சாக்கு தொங்கியது.

"பாருங்கய்யா. தளத்துக்குப் போக வேண்டியது எல்லாம் எங்க வந்திருக்குன்னு."

காலிச் சாக்கு என்று அப்பா சொன்னார். காலி எப்படி ஆனது என்று அந்த ஆள் கேட்டார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அது யார் என்று எனக்குத் தெரியும். அவரும் இப்போது இல்லை.

அப்பாவை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனார்கள். சில நாளில் விட்டார்கள். சிமெண்ட் விற்றதைப் பார்த்தவன் யாரும் இல்லை. ஆனால் விற்கவில்லை என்று நம்பினவனும் யாரும் இல்லை. திரும்பி வந்தவர் வாசலில் நின்றார். அம்மா வழி மறித்து நின்றாள். கையில் மாமாவின் சாக்குப் பை.

"எத்தன மூட்டைக்கு என் தம்பிய வித்தீங்க?"

"முழுசாத்தான் போட்டேன். நீயும் சட்டி தூக்குனியே. பாத்தியே."

"அப்ப ஏன் உதிருது?"

அப்பா சொல்லிச் சொல்லிப் பார்த்திருக்கலாம், எதையாவது. அவருக்கே தெரியவில்லை. தரையைப் பார்த்தார். அம்மாவுக்கு அது போதுமாக இருந்தது.

என்னை யாரும் கேட்கவில்லை. பிள்ளையிடம் என்ன கேட்பார்கள்?

அதற்குப் பிறகு அப்பாவுக்கு யாரும் கொத்துக் கரண்டி கொடுக்கவில்லை. கீழே போகலாம் என்றார். தம்பியைப் புதைத்த மண்ணை விட்டு வர மாட்டேன் என்றாள் அம்மா. அப்பா கேரட் கழுவப் போனார். ஓடைத் தண்ணீரில் நின்று மூட்டை மூட்டையாகக் கேரட்டை மிதித்துக் கழுவுகிற வேலை. கால் வெளுத்து, ஊறின அவல் மாதிரி இருக்கும். சாயங்காலம் வந்து அடுப்புக்குக் காலை நீட்டி உட்காருவார். அம்மா தட்டை வைத்துவிட்டு வெளியே போய்விடுவாள். சாப்பிடுங்க என்ற வார்த்தையை அவள் அவரிடம் மறுபடி சொன்னதில்லை. ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் என்னைப் பார்த்துச் சொல்வாள்.

"உங்கப்பன்கிட்டச் சொல்லு, விறகு தீந்து போச்சுன்னு."

அவர் பக்கத்திலேயே இருப்பார். நான் சொல்ல மாட்டேன். அவர் எழுந்து போய் விறகு கொண்டுவருவார்.

அந்தத் தளத்தில் ஒரு துண்டை அப்பா எடுத்து வந்திருந்தார். தேங்காய் அளவு. துணியில் சுற்றிக் கொண்டுவந்து அடுப்பு மேடை ஓரத்தில் வைத்தார். சில நாள் அதைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருப்பார். ஓரம் தொட்டால் உதிரும். பிறகு பார்ப்பதை விட்டுவிட்டார். அது அங்கேயே கிடந்தது. அடுப்புச் சூடு, சோற்றுப் பானை ஆவி, மழைக்காலத்து ஈரம், எல்லாம் அதற்குக் கிடைத்தது. எப்போதிலிருந்து என்று தெரியாது, அம்மா அதை மாவுப் பானை மூடி மேல் பாரமாக வைக்க ஆரம்பித்தாள். எலி தள்ளாமல் இருக்க. நான் பெரியவளான சமயத்தில் அதில் மிளகு தட்டினோம். ஒரு பொட்டு உதிரவில்லை. அது என்ன கல் என்று நாங்கள் மறந்துபோயிருந்தோம்.

அப்பா நெஞ்சுச் சளியில் போனார். போகிற அன்று காலையில் என்னிடம், "முழுசாத்தான் போட்டேன் தாயி," என்றார். சரிப்பா என்றேன். நம்பிச் சொன்னேனா என்று கேட்டால் இன்றைக்கும் தெரியாது. அவரது சட்டை, கரண்டி, மட்டப்பலகை எல்லாவற்றையும் அம்மா ஓடைக்குள் எறிந்தாள். அவர் கொண்டுவந்தது என்று அந்தக் கல்லையும் எறிந்தாள். மாமாவின் கம்பளியை மட்டும் வைத்துக்கொண்டாள். தினமும் சாயங்காலம் மாவுப் பானைக்கு அதைத்தான் போர்த்துவாள். பிள்ளைக்குப் போர்த்துகிற மாதிரி ஓரமெல்லாம் அமுக்கி விடுவாள்.

நானும் சித்தாளானேன். வேறு என்ன ஆவேன்? ஊர் முழுக்கத் தளம் வந்தது. நான் தூக்காத சட்டி இல்லை. எல்லா மேஸ்திரியும் இங்கே குளிர்காலத்தில் நாள் கூட விட்டுத்தான் பிரிப்பார்கள். ஏன் என்று நான் கேட்டதில்லை. இந்த ஊர் வழக்கம் என்று இருந்துவிட்டேன். எங்கள் வீட்டுச் சாவை வைத்துத்தான் அந்த வழக்கமே வந்ததோ என்னவோ.

முதுகு விட்டுப்போகிற வயசில் ஒரு தை மாத வேலை. இன்ஜினியர் ஒரு சின்னப் பெண். தளம் போட்டு முடித்ததும் மேலே வைக்கோல் பரப்பச் சொன்னாள். வைக்கோல் மேல் தார்ப்பாய். தளத்துக்கு அடியில் கரி அடுப்பு வைத்து, சுற்றிலும் படுதா கட்டச் சொன்னாள். எங்களுக்குச் சிரிப்பாக இருந்தது.

"என்னங்கம்மா, ரூஃபுக்குப் போர்வை போத்தி, குளிர்காயவும் வைக்கிறீங்க?"

"குளிர்ல சிமெண்ட் செட் ஆகாதுக்கா. கீழ ஒரு வாரத்துல வர்ற ஸ்ட்ராங் இங்க ரெண்டு மூணு வாரம் ஆனாலும் வராது. சூடு இருந்தாத்தான் உள்ள வேலை நடக்கும். குளிரக் குளிர மெதுவாயிரும். பனி பிடிச்சு உள்ள தண்ணி ஐஸாயிட்டா நின்னே போயிரும்."

"வேலை நடக்கும்னா?"

"நீங்க மாவாட்டி வச்சா புளிக்குதுல்ல? இது வேற மாதிரி வேலைதான். ஆனா குளிருக்கு இதுவும் அப்படித்தான் சுணங்கும்."

சட்டியைக் கீழே வைத்தேன்.

"அதுக்குள்ள முட்டுக் கம்பப் பிரிச்சா?"

"விழுந்துரும். கையில எடுத்தா உதிரும். சிமெண்டே போடலைன்னு நெனப்பீங்க."

"போடலைன்னா எப்படி இருக்கும், போட்டு இறுகலைன்னா எப்படி இருக்கும்? எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "போடாதது எத்தன நாள் வச்சாலும் உதிரும். போட்டதுன்னா ஈரமும் சூடும் கிடைச்சா மெதுவா இறுகிரும்க்கா. ஏன் கேக்குறீங்க?"

சும்மா கேட்டேன் என்றேன். வைக்கோல் பரப்பினேன். அந்தக் காலத்தில் வீட்டுக்குள் மாவுக்குக் கம்பளி. வெளியே தளத்தின் மேல் பனி. இரண்டுக்கும் நடுவில் சாக்கு தைத்துத் தொங்கவிட்ட ஒரு தகரம்தான் இருந்தது. அதைத் தாண்டி அந்த யோசனை யாருக்கும் போகவில்லை. அப்பாவுக்குப் போகவில்லை. அந்த ஓவர்சியருக்கும் போகவில்லை. எல்லோரும் வெயிலில் வேலை கற்றவர்கள். ஓவர்சியர் அந்தத் துண்டைக் கையில் அமுக்கிக் காட்ட எடுத்த நேரம் ஒரு நிமிசம் இருக்காது. அதற்கு அப்பா செத்துப்போகிற வரை பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

அம்மா அப்போது உயிரோடு இருந்தாள். என் வீட்டில்தான். அன்று சாயங்காலம் முற்றத்தில் உட்கார்ந்து மலைப்பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்தேன்.

"அம்மா, அப்பா சிமெண்டு விக்கல."

அவள் கை நிற்கவில்லை. நான் வைக்கோலைச் சொன்னேன். தார்ப்பாயைச் சொன்னேன். மாவைச் சொன்னேன்.

"யாரு சொன்னா?"

"படிச்ச பொண்ணு."

"அன்னைக்கும் படிச்சவன்தான் சொன்னான்."

"மாவுப் பானை மேல ஒரு கல்லு வச்சிருப்பியே, ஞாபகம் இருக்கா? அது அந்தத் தளத்துத் துண்டுதாம்மா. அப்பா கொண்டுவரும்போது உதிர்ந்துச்சு. அப்புறம் நாம அதுலதான் மிளகு தட்டுனோம். சிமெண்டு இல்லாததுன்னா அது இறுகியிருக்காது."

பூண்டுத் தோல் காற்றில் பறந்தது. அவள் பிடிக்கவில்லை.

"அப்ப அந்த மனுசன் ஏன் சொல்லல?"

"அவருக்குத் தெரியாதும்மா."

"நான் மாவுக்குப் போத்துறப்ப பக்கத்துலதான உக்காந்திருந்தாரு."

"எல்லாரும்தான் உக்காந்திருந்தோம்."

அம்மா முறத்தைத் தள்ளி வைத்தாள்.

"இத ஏன்டி எங்கிட்ட வந்து சொல்ற? அந்தாள வைஞ்சு வைஞ்சுதான் என் தம்பிய மறக்காம இருந்தேன். இனி நான் யார வைய?"

எழுந்து உள்ளே போனாள். மாவு ஆட்டி வைத்திருந்தது. கம்பளியைக் கொடியிலிருந்து எடுத்தாள். கறுப்பு வெளுத்துப் பழுப்பாகியிருந்தது. சிவப்புக் கோடு இருந்தது. பானைக்குப் பக்கத்தில் நின்றாள். அடுப்புக்கு முன்னால், அப்பா இருந்தால் கால் நீட்டி உட்காருகிற இடத்தில் கம்பளியை மடித்து வைத்தாள். போய்ப் படுத்துக்கொண்டாள்.

நான் எடுத்துப் போர்த்தியிருக்கலாம். கை போகவில்லை.

காலையில் மாவு வைத்த மட்டத்திலேயே இருந்தது. அம்மா அதையே எடுத்து இட்லி ஊற்றினாள். கட்டி கட்டியாக வந்தது. மூன்று தட்டு எடுத்து வைத்தாள். ஒன்றைக் கம்பளிக்கு எதிரில் வைத்து, "சாப்பிடுங்க," என்றாள்.

நாங்கள் இரண்டு பேரும் தின்றோம்.